சமமாகத் திருகினால் சமமாகிவிடுமா?

இரண்டு திருகையும் ஒன்றரைச் சுற்று, ஒரே அளவாகத் திருப்பியாயிற்று. வண்டி மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

நண்பர் ஒருவரின் அப்பா வைத்திருந்த பழைய ராஜ்தூத் 350 அது. பல ஆண்டுகள் மாட்டுக் கொட்டகையில் சாக்கு மூடிக் கிடந்தது. ஐ.டி.ஐ.யில் படிக்கிற பேரன் அதை வெளியே இழுத்து, துடைத்து, பிளக் மாற்றி, ஓட வைத்துவிட்டான். ஆனால் நிறுத்தி வைத்தால் வண்டி தடதடவென்று ஆடும். ஆக்சிலேட்டரை லேசாகத் திருகினால் உதறும். வேகமாகப் போனால் மட்டும் சீராக ஓடும். இரண்டு கடைகளில் காட்டியும் தீரவில்லை. மூன்றாவதாக, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்றுக்கு நாங்களும் கூடப் போனோம்.

அங்கிருந்த மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இரண்டு சைலன்சர்களுக்கும் ஒரு சாண் தள்ளி, இரண்டு உள்ளங்கைகளையும் காட்டினார்.

“தம்பி, இடது பக்கம்தான் வேலை செய்யுது. வலது பக்கம் சும்மா கூட வருது.”

“ரெண்டையும் ஒரே மாதிரிதாண்ணே திருகினேன்” என்றான் பையன்.

“திருகு ஒண்ணாத்தான் இருக்கு. காத்து ஒண்ணா போகணும்ல?”

அந்த ஒரு கேள்வியில்தான் மொத்தப் பாடமும் இருக்கிறது.

நம் ஊர்களில் ஓடிய பைக்குகளில் பெரும்பாலானவை ஒற்றை சிலிண்டர் வண்டிகள். ஒரு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர். ராஜ்தூத் 350 அப்படியல்ல. ஜப்பானின் யமஹா ஆர்.டி. 350 வண்டியை அடிப்படையாக வைத்து, 1983 முதல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இந்தியாவில் தயாரித்த டூ ஸ்ட்ரோக் வண்டி அது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மிக்குனி கார்புரேட்டர், தனித்தனி சைலன்சர். அதாவது ஒரே கிராங்கைச் சுற்றும் இரண்டு என்ஜின்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். 1969-இல் வந்த ஹோண்டா சி.பி. 750-க்கு நான்கு சிலிண்டர், நான்கு கார்புரேட்டர்.

கார்புரேட்டர் செய்வது எளிய வேலைதான். பிஸ்டன் இழுக்கும் காற்றோடு பெட்ரோலைக் கலந்து அனுப்புகிறது. உள்ளே இருக்கும் ஸ்லைடு கதவு போல ஏறி இறங்கி, எவ்வளவு காற்று போகலாம் என்று தீர்மானிக்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகும்போது கேபிள் இந்த ஸ்லைடைத்தான் தூக்குகிறது. இரண்டு கார்புரேட்டர் இருந்தால் இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்துக்கு எழ வேண்டும். அப்படி எழ வைப்பதைத்தான் பட்டறைகளில் ‘சிங்க் பண்றது’ என்கிறார்கள்.

ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்ன செய்துவிடும்? மாணவர்கள் இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேகமாகப் போகும்போது ஒரு ஸ்லைடு 20 மில்லிமீட்டரும் இன்னொன்று 21 மில்லிமீட்டரும் திறந்திருந்தால் வித்தியாசம் 5 சதவீதம்தான். ஐடிலிங்கில் ஒன்று 2 மில்லிமீட்டர், மற்றது 3 மில்லிமீட்டர் என்றால் வித்தியாசம் 50 சதவீதம். அதே ஒரு மில்லிமீட்டர்தான். அதனால்தான் அந்த வண்டி வேகத்தில் சீராகவும், நிற்கும்போது தடதடவென்றும் இருந்தது. ஒரு பிஸ்டன் சுமக்கிறது, மற்றது இழுபட்டு வருகிறது. சுமக்கும் பக்கம் சூடேறும், சும்மா வரும் பக்கத்து பிளக்கில் கரி படியும். கியரும் செயினும் இந்த உதறலை வாங்கித் தேயும்.

அண்ணன் வேலையைத் தொடங்கினார். முதலில் ஐடிலிங் திருகுகளைத் தளர்த்தி இரண்டு ஸ்லைடையும் அடிவரை இறக்கினார். ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பரைக் கழற்றினார். ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டுகளை எடுத்து, மழுங்கிய முனையை ஆளுக்கொரு ஸ்லைடுக்கு அடியில் செருகினார். ஸ்லைடுகள் அவற்றை மெல்லக் கவ்விக்கொண்டன.

“இப்ப ஆக்சிலேட்டரை மெதுவா திருகு. ரெண்டு பிட்டும் ஒண்ணா விழணும்.”

பையன் திருகினான். இடது பக்கத்துப் பிட் விழுந்தது. வலது பக்கத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கார்புரேட்டரின் தலையில் இருக்கும் கேபிள் அட்ஜஸ்டரை அரைச் சுற்று, கால் சுற்று என்று நகர்த்தி, நாலாவது முறை இரண்டும் ஒன்றாக விழுந்தபோது லாக் நட்டை இறுக்கினார். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, ஐடிலிங் திருகுகளை மீண்டும் வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் பிளக் வயரை எடுத்துச் சோதித்தார். எடுத்த வயரை அப்படியே விடவில்லை. வேறொரு பிளக்கில் மாட்டி என்ஜின் உலோகத்தில் சாய்த்து வைத்தார். இல்லாவிட்டால் இக்னிஷன் காயில் போய்விடும். எந்தப் பக்கத்தை எடுத்தாலும் என்ஜின் ஒரே அளவு தாழ வேண்டும். தாழ்ந்தது.

வேலை முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அவர் எழவில்லை.

“இதோட விட்டுட்டுப் போறவன்தான் ஆளைக் கொல்றவன்” என்றார்.

அந்த வண்டியில் ஆக்சிலேட்டர் கேபிள் இரண்டாகப் பிரிவதில்லை, மூன்றாகப் பிரிகிறது. மூன்றாவது கிளை ஆயில் பம்ப்புக்குப் போகிறது. டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டனுக்கு எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்துதான் போக வேண்டும். ஆக்சிலேட்டரைத் திருகத் திருகப் பம்ப்பும் அதிகமாக எண்ணெய் தர வேண்டும். கார்புரேட்டர் கேபிள்களை மட்டும் சரிசெய்துவிட்டுப் பம்ப்பை மறந்தால், ஸ்லைடு முன்னே போகும், எண்ணெய் பின்தங்கும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரில் கடித்துக்கொள்ளும். பின்சக்கரம் நின்றுவிடும். அந்த நொடியில் கிளட்சைப் பிடிக்காவிட்டால் ஓட்டுகிறவர் கதி என்ன? பம்ப்பின் மேல் இருக்கும் குறியைப் பார்த்து, அதன் கேபிளையும் ஒழுங்காக வைத்த பிறகுதான் அவர் கையைத் துடைத்தார்.

சுவரில் ஆணியில் ஒரு நீளமான கண்ணாடிக் குழாய்ச் சுருள் தொங்கியது. மேஸ்திரிகள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் பிளாஸ்டிக் டியூப். அது எதற்கு என்று கேட்டோம். சென்னையில் வேலை செய்த காலத்தில் நான்கு சிலிண்டர் வண்டிகளுக்குப் பயன்படுத்தியதாம்.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று நேரடியாகவே அளக்க முடியும். கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் அதற்கென்று சிறிய துளைகள் இருக்கும். அதில் பாதரசக் குழாய்களை மாட்டி அளப்பது பழைய முறை. ஐடிலிங்கில் உறிஞ்சுதல் பொதுவாக 20 செ.மீ. பாதரச அளவை ஒட்டி இருக்கும். சிலிண்டர்களுக்கு இடையே 2 செ.மீ.க்கு மேல் வேறுபாடு கூடாது என்பது பல வண்டிகளுக்கான கணக்கு. ஆனால் பாதரசம் நஞ்சு. அதை வீட்டில் வைத்து விளையாடக் கூடாது.

அதற்கு மாற்றுதான் இந்த டியூப். சில மீட்டர் நீளமுள்ள டியூபை ‘யு’ வடிவில் தொங்கவிட்டு, அடியில் கொஞ்சம் என்ஜின் ஆயில் ஊற்றி, இரண்டு முனைகளையும் இரண்டு சிலிண்டர்களின் துளைகளில் மாட்ட வேண்டும். இரண்டும் சமமாக உறிஞ்சினால் எண்ணெய் மட்டமாக நிற்கும். ஒன்று அதிகம் உறிஞ்சினால் எண்ணெய் அந்தப் பக்கம் ஏறும். அதிகம் உறிஞ்சுகிற சிலிண்டர்தான் அதிகம் உழைக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. வாசல் குறுகலாக இருப்பதால்தான் அது அப்படி இழுக்கிறது. அந்த வாசலைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும்.

பள்ளியில் படித்த பாதரசத்தின் அடர்த்தி 13.6 இங்கே உதவுகிறது. 2 செ.மீ. பாதரச வேறுபாடு என்பது தண்ணீரில் 27 செ.மீ. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, அதனால் இன்னும் சற்றுக் கூடுதல். பாதரசத்தில் விரல் அகலம் தெரியும் வேறுபாடு இந்த டியூபில் ஒரு சாணுக்கு மேல் தெரியும். சில ரூபாய் டியூப் விலை உயர்ந்த கருவியைவிட நுட்பமாகக் காட்டுகிறது. ஆபத்தும் அங்கேயேதான். ஒரு முனை கழன்றால் மறுமுனை எண்ணெய் முழுவதையும் என்ஜினுக்குள் இழுத்துவிடும். டியூப் நீளமாகவும், எண்ணெய் குறைவாகவும் இருக்க வேண்டும்.

நான்கு கார்புரேட்டர் என்றால் பெரும்பாலும் ஒன்றையும் இரண்டையும் சமன் செய்து, மூன்றையும் நான்கையும் சமன் செய்து, பிறகு இரண்டு ஜோடிகளையும் சேர்ப்பார்கள். வால்வு இடைவெளி, பிளக், காற்றுக் கசிவு எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகுதான் இது. ஒரு சிலிண்டர் தேய்ந்து கிடக்கும்போது அதைத் திருகால் மறைப்பது வைத்தியம் ஆகாது. என்ஜின் ஓடும் இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நின்றபடியே ஓடும் வண்டி சூடேறாமல் இருக்க முன்னால் ஒரு மின்விசிறி வைக்க வேண்டும்.

இவ்வளவையும் யாரிடம் கற்றீர்கள் என்று அண்ணனைக் கேட்டோம். சிரித்தார்.

“யாரு சொல்லிக் குடுத்தா? ட்யூனிங் பண்ற நேரம் பார்த்து என்னை டீ வாங்க அனுப்பிடுவாங்க. எந்தத் தெருப் பையன்னு தெரிஞ்சா, கூட்டறதும் கழுவறதும்தான் வேலை. டீயோட வெளியில நின்னு சத்தத்தைக் கேட்டுக் கேட்டே கத்துக்கிட்டேன்.”

அதைச் சொல்லிவிட்டு டிரில் பிட்டுகளைப் பையனிடம் கொடுத்தார். சரியாக வைத்த கேபிள்களைத் தானே கலைத்துவிட்டார். “இப்ப நீ வை” என்றார். பையனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அண்ணன் அவனை டீ வாங்க அனுப்பவில்லை. அவரே போய் நாலு டீ வாங்கி வந்தார்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு பெரும்பாலான புதிய பைக்குகளில் கார்புரேட்டர் போய், ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இது செத்துப்போன வித்தை என்று மாணவர்கள் நினைக்க வேண்டாம். பல சிலிண்டர் இன்ஜெக்‌ஷன் வண்டிகளிலும் திராட்டில் பாடிகளை இதே போல உறிஞ்சுதல் பார்த்துத்தான் சமன் செய்கிறார்கள். கருவி மாறியிருக்கிறது, கணக்கு மாறவில்லை.

எல்லாத் திருகையும் ஒரே அளவு திருப்பினோம், அப்புறம் என்ன குறை என்று கேட்கிறவர்களை நாம் பல இடங்களில் பார்க்கிறோம். அவர்களுக்கும் அந்தத் தகரக் கூரையில் பதில் இருக்கிறது. திருகை எண்ணினால் போதாது. ஒவ்வொன்றும் மூச்சு விடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டும்.