பயிற்சிப் புத்தகத்தோடு பெரியவர் ஒருவரும் வேண்டும்

பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகள் உண்டு. ஸ்கேன் எடுத்தாலும் ரத்தம் பரிசோதித்தாலும் ஒன்றும் தெரியாது. 'நடிக்கிறான்' என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். பதற்றம் வயிற்றையும் வலிக்கவைக்கும். அந்த வலி பொய்யில்லை. மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

லேசான பதற்றத்துக்குப் பிள்ளையே பழகக்கூடிய பயிற்சிகள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது, பயத்தைப் படிப்படியாகச் சந்திப்பது. வகுப்பில் எழுந்து வாசிக்க நடுங்கும் சிறுமி முதலில் கண்ணாடி முன்னால் வாசிக்கட்டும். பிறகு அம்மாவிடம், பிறகு இரண்டு தோழிகளிடம். வகுப்பறை கடைசியில்தான். ஒரு படியில் பயம் தணிந்த பிறகே அடுத்த படி. 'சரி, இன்னிக்கு லீவு போட்டுக்கோ' என்று பாசத்தில் சொன்னால் அன்றைக்கு நிம்மதிதான். மறுநாள் பயம் இன்னும் பெரிதாக வந்து நிற்கும். சோர்ந்து கிடக்கும் பிள்ளையானால், முன்பு பிடித்திருந்த ஒரு சிறு வேலையைத் தினமும் நேரம் குறித்துச் செய்யவைக்கலாம். மனசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆனால், புத்தகத்தையோ செயலியையோ கையில் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. டெல்லி அரசுப் பள்ளிகளில் சங்காத் என்னும் மனநல அமைப்பு ஓர் ஆய்வு நடத்தியது. பிரச்சினையைத் தீர்க்கக் கற்றுத்தரும் கையேட்டை மட்டும் பெற்ற மாணவர்களைவிட, ஆலோசகர் ஒருவர் கூட உட்கார்ந்து பேசிய மாணவர்களே தங்கள் பிரச்சினை அதிகம் குறைந்ததாகச் சொன்னார்கள். அந்த ஆலோசகர்கள் மருத்துவர்கள்கூட இல்லை. பயிற்சி பெற்ற பட்டதாரிகள். வீட்டில் அத்தையோ, பள்ளியில் ஆசிரியரோ பொறுமையாகக் காதுகொடுத்தாலே பிள்ளைக்கு எவ்வளவோ தெம்பு.

கையைக் கீறிக்கொள்வது, இரண்டு வாரம் தாண்டியும் விலகாத சோகம், யாருக்கும் கேட்காத குரல் கேட்பது, 'நான் இல்லாட்டி நல்லது' என்ற பேச்சு: இவற்றில் எது தெரிந்தாலும் பயிற்சியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 'ஆமாம்' என்றால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐப் பிள்ளையே அழைக்கலாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து, தற்கொலைக்கு முயன்ற பிள்ளையை வீட்டிலேயே மறைத்துவைக்கும் குடும்பங்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. அப்படிக் கருதப்படுபவரைத் தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. அதே சட்டப்படி, மருத்துவர் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவரை மனநல மருத்துவமனையில் சேர்ப்பதானால், ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே வார்டில் போடக் கூடாது. வீட்டார் ஒருவரோ துணையாள் ஒருவரோ கூடவே தங்க வேண்டும். இதில் ஏதாவது மீறப்பட்டால் மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடலாம். அதற்கு வழக்கறிஞர் வேண்டுமென்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே ஏற்பாடு செய்யும், எண் 15100.