தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியரின் தலைமைப் பண்புகள்: கற்றலை மையப்படுத்திய நோக்கு

பள்ளித் தலைமை பெரும்பாலும் நிருவாகத் திறன், ஒழுங்கு, ஊக்கமூட்டும் ஆற்றல் ஆகியவற்றின் தொகுப்பாகவே விளக்கப்படுகிறது. எனினும், தலைமையாசிரியரின் எச்செயல் மாணவர் கற்றலைச் சென்றடைகிறது என்பதே முதன்மை வினாவாகும். நியூசிலாந்துக் கல்வியியலாளர் விவியன் இராபின்சனும் இணை ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இவ்வினாவுக்கு விடை தேடியது. இலக்கு வகுத்தல், வளங்களை நோக்கமறிந்து பயன்படுத்தல், கற்பித்தலைத் திட்டமிட்டு மதிப்பிடல், ஆசிரியர் கற்றலை ஊக்குவித்து அதில் தாமும் பங்கேற்றல், ஒழுங்கும் ஆதரவும் உடைய சூழலை உறுதிசெய்தல் எனத் தலைமையின் ஐந்து கூறுகளை அது இனங்கண்டது. இவற்றுள் நான்காவதே மாணவர் அடைவுடன் மிக வலுவான தொடர்புடையது என்பது அதன் முடிவு.

இம்முடிவு தமிழகத்தின் சிறிய தொடக்கப்பள்ளிகளுக்குத் தனிப்பொருத்தம் உடையது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணை, 60 மாணவர் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர்களை வரையறுக்கிறது. ஆசிரியர் ஐவரோடு தலைமையாசிரியர் ஒருவரும் என்னும் ஏற்பாடு 150 மாணவர்க்கு மேற்பட்ட பள்ளிக்கே உரியது. எனவே ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரே. இது குறையாகவே கருதப்படினும், வாய்ப்பாகவும் அமையக்கூடும். 2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் உள்ள குழந்தைகளுக்கு ஒரே வகுப்பறையில் கற்பிக்கும் தலைமையாசிரியர், உடன் ஆசிரியரின் இடர்ப்பாட்டை அறிக்கை வழியாக அன்றி நேரடியாக உணர்கிறார். குறுவள மையப் பயிற்சியில் கற்றதை இருவரும் சேர்ந்து செயற்படுத்திப் பார்க்கவும் இயலும்.

இவ்வாய்ப்பைச் சிதைப்பது நேரமின்மையே. பதிவேடுகளும் இணையவழிப் பதிவுகளும் பாடவேளையை விழுங்கும்போது, ஒரே நேரத்தில் ஒரு வகுப்பு ஆசிரியரையும் பள்ளி தலைமையையும் இழக்கிறது. ஆகவே, கற்பித்தல் நேரத்தைக் காத்தல் தலைமைப் பண்புகளுள் முதன்மையானது எனலாம்.

தொலைநோக்கும் இவ்வாறே நடைமுறை சார்ந்தது. சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினருள் பாதியினர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 22ஆம் பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுக்கும் பொறுப்பை அக்குழுவுக்கு அளிக்கிறது. கூட்டத்தைக் கையொப்பச் சடங்காக முடிக்கும் தலைமையாசிரியரின் முயற்சிகள் அவரது பணிமாறுதலோடு மறைகின்றன. குழந்தைகளின் வாசிப்பு நிலையைப் பெற்றோர் அறியுமாறு விளக்கி, அவர்களோடு இணைந்து திட்டம் வகுப்பவரின் பணி அடுத்து வருபவரிடமும் தொடர வழியுண்டு. தாம் இல்லாத காலத்திலும் பள்ளி கற்றலைக் கைவிடாதவாறு அமைத்தலே தொலைநோக்குத் தலைமையின் அளவுகோலாகும்.