பழைய கணனியும் புதிய நினைவகமும்

2018 ஆம் ஆண்டு மாரி காலத்தில் ஒருநாள், கிளிநொச்சிப் பக்கத்தில் நான் வழமையாகச் செல்லும் கிராமமொன்றிலிருந்து ஓர் அக்கா தொலைபேசியில் அழைத்தார். குரல் நடுங்கியது.

"மிஸ், சங்கத்துக் கொம்பியூட்டரின்ர நினைவகத்தைக் கழட்டிப்போட்டுப் புதுசைப் போட்டன். திரையில ஒண்டும் வருகுதில்லை. பழசைத் திருப்பிப் போட்டும் வருகுதில்லை. இவற்ற கடிதமெல்லாம் அழிஞ்சுபோச்சுதோ?"

"இவர்" என்று அவர் குறிப்பிட்டது 2009 இல் காணாமற்போன தன் கணவரை. மாதர் சங்கத்தின் பழைய கணனியில் தட்டச்சு செய்து கொடுத்துத்தான் அந்த அக்கா தன் குடும்பத்தைப் பார்க்கின்றார். காணிக் கடிதம், வாழ்வாதார உதவிக்கான விண்ணப்பம், வேலை தேடும் பிள்ளைகளின் சுயவிபரக்கோவை என்று ஊரவரின் வேலைகள் எல்லாம் அவரிடம் வரும். அதே கணனியில் கணவரைத் தேடி அவர் எழுதிய கடிதங்களும், ஸ்கேன் செய்த படங்களும் இருந்தன. அடுத்த கிழமை காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுக்கவிருந்த கடிதமும் அதற்குள்தான்.

"ஒண்டும் அழியேல்லை அக்கா. பிளக்கைக் கழட்டிவிட்டு அப்பிடியே விடுங்கோ, நாளைக்கு வாறன்" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அவரைப் பயமுறுத்தியது நினைவகம் என்ற பெயர்தான். நினைவைக் கழற்றினால் உள்ளேயிருப்பவை எல்லாம் போய்விடும் என்று எவரும் நினைப்பார்கள். தையல் பழகிய சகோதரிகளுக்கு இதை இப்படிச் சொல்லலாம். றாம் எனப்படும் நினைவகம் துணி வெட்டும் மேசை. ஹாட் டிஸ்க் துணிகளை அடுக்கிவைக்கும் அலுமாரி. வேலை நடக்கும்போது மட்டும் துணி மேசைக்கு வரும். மின்சாரம் நின்றதும் மேசை வெறுமையாகிவிடும். சேமித்த கடிதம் அலுமாரியில் அப்படியே இருக்கும். றாமைக் கழற்றுவது மேசையைத் தூக்கி வெளியே வைப்பதைப் போன்றதுதான்.

நான் சமூகவியல் படித்தவள், கணனி திருத்துபவள் அல்ல. அலுவலகத்துப் பழைய கணனிகள் அடிக்கடி நின்றுபோனதால் கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகின்றேன்.

சங்கத்தின் கணனியில் 1 ஜிபி றாம் மட்டுமே இருந்தது. விண்டோஸ் 7 இயங்கும் கணனிக்கு அது மிகக் குறைவு. கடிதம் ஒன்றும் இணையப் பக்கம் ஒன்றும் சேர்த்துத் திறந்தால் சிவப்பு விளக்கு விடாமல் மின்னும், சுட்டி அசையாது. மேசையில் இடமில்லாமல் ஒவ்வொரு துணியையும் அலுமாரிக்குக் கொண்டுபோய் எடுத்துவருகின்ற வேலை அது. ஆகவே றாமைக் கூட்ட நினைத்தது சரியான முடிவு. நகரத்தில் ஒரு கடையில் பாவித்த 4 ஜிபி துண்டு ஒன்றை மலிவாக வாங்கி, தானே பெட்டியைத் திறந்து மாட்டியிருக்கின்றார். அந்தத் துணிச்சலை நான் மெச்சுகின்றேன்.

மறுநாள் போய்ப் பெட்டியைத் திறந்தோம். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே சிறிது மின்சாரம் தங்கியிருக்கும். எனவே தொடக்கும் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தோம். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் றாமைப் பழுதாக்கக்கூடும் என்பதால் பெட்டியின் இரும்பைக் கையால் தொட்டுக்கொண்டோம். பிறகு பழைய 1 ஜிபி துண்டைப் பார்த்தோம். ஒரு பக்கக் கிளிப் பூட்டப்படாமல் நின்றது! பொன்னிறப் பற்களில் செம்மண் தூசும் படிந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை இறேசரால் பற்களை மெதுவாகத் தேய்த்து, துகள்களை உலர்ந்த துணியால் துடைத்தோம். தண்ணீர் படவே கூடாது.

துண்டின் அடியில் ஒரு வெட்டு இருக்கும். அது பலகையிலுள்ள மேட்டுக்கு நேராக வரவேண்டும். டிடிஆர் 2, டிடிஆர் 3 இரண்டுக்கும் 240 பற்கள்தான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. நேராக வரவில்லையென்றால் அது வேறு வகை றாம், பலத்தால் அமர்த்தப் பார்க்காதீர்கள். வெட்டுச் சரியாயிருந்தால் இரு முனைகளையும் சமமாக அழுத்த வேண்டும், இரண்டு கிளிப்பும் தாமாக "டக்" என்று பூட்டும். அக்கா முதல்முறை அழுத்தியது போதவில்லை. பலகை உடைந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வருவதுதான்.

மின்சாரத்தைக் கொடுத்தோம். திரை வந்தது. கோப்புறையைத் திறந்து ஒவ்வொரு கடிதமாகப் பார்த்துவிட்டு அக்கா கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு புதுத் துண்டைத் தனியாக மாட்டினோம். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே நின்றது, உள்ளிருந்து "பீப், பீப்" என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் கெட்ட சகுனமல்ல. பலகை உயிரோடு இருக்கின்றது, றாமைத்தான் அதனால் வாசிக்க முடியவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். (எத்தனை பீப் என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். சிறிய ஸ்பீக்கர் பொருத்தப்படாத பெட்டியில் சத்தமே வராது.) பக்கத்துத் துளையிலும் போட்டுப் பார்த்தோம், அதே சத்தம். ஒரு தடவைக்கு ஒரு துண்டு, ஒரு துளை என்று மாற்றிப் பார்த்தால் பழுது துண்டிலா துளையிலா என்பது தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் ஒன்றும் விளங்காது.

பலகையில் ஜி31 என்று அச்சிட்டிருந்தது. இன்டெலின் இந்த வகை ஒரு துளைக்கு 2 ஜிபி வீதம் மொத்தம் 4 ஜிபி வரைதான் ஏற்கும். 4 ஜிபியை ஒரே துண்டாகக் கொடுத்தால் அதற்குப் புரியாது. அதோடு மலிவாகக் கிடைக்கும் டிடிஆர் 2 வகை 4 ஜிபி துண்டுகளில் பல ஏஎம்டி பலகைகளுக்கு மட்டுமே பொருந்துபவை. கடைக்காரர் இதைக் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. ஆகவே கடைக்குப் போகும்போது பலகையின் பெயரை எழுதிக்கொண்டு, முடிந்தால் பழைய துண்டையும் கையோடு கொண்டு போங்கள். "வேலை செய்யாட்டி மாற்றித் தருவீங்களோ?" என்று காசு கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

இரண்டு நாட்களில் அக்கா அதைக் கொடுத்து 2 ஜிபி துண்டுகள் இரண்டு வாங்கிவந்தார். மாட்டியதும் கணனி தொடங்கியது. ஆனால் விண்டோஸ் 3 ஜிபி சொச்சம்தான் பாவிக்கலாம் என்று காட்டியது. "திரும்பவும் ஏமாத்திப்போட்டாங்கள்" என்று அவருக்குக் கோபம். இந்தமுறை கடைக்காரர்மேல் பிழையில்லை. 32 பிட் விண்டோஸுக்கு மொத்தமே 4 ஜிபி அளவுக்குத்தான் முகவரி கொடுக்க முடியும். அதில் ஒரு பகுதி கணனியின் ஏனைய உறுப்புகளுக்குப் போய்விடும். திரைப்படத்துக்கான பங்கும் றாமிலிருந்தே எடுக்கப்படும்.

பாவித்த றாம் என்பதால் அன்றிரவு விண்டோஸ் 7 உடனேயே வரும் மெமறிச் சோதனையை ஓடவிட்டோம். ஒரு பிழை காட்டினாலும் துண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடிக்கடி நீலத்திரை வந்து கணனி தானாக நின்றாலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். எங்களுக்குப் பிழையெதுவும் வரவில்லை.

விண்டோஸ் 7 க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. அத்தகைய கணனியைத் தட்டச்சுக்கு வைத்திருக்கலாம், வங்கிக் கணக்குகளை அதில் திறக்காதீர்கள். இன்னொன்று, பழைய வகை றாமுக்குக் கேட்கும் விலை, பாவித்த புதிய வகைக் கணனி ஒன்றின் விலையை நெருங்கினால் அந்தக் காசை இதில் போடுவது வீண் என்பதே என் எண்ணம்.

மறுநாள் காலை கடிதத்தை அச்செடுத்தோம். கோப்புறை முழுவதையும் இரண்டு பென்ட்ரைவ்களில் பிரதி எடுத்தார். ஒன்றைப் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் பொலித்தீன் பையில் வைத்தார். மற்றதை என் கையில் தந்தார்.