அதே செடான்... புது மாடல்! பழைய காரைக் கொடுத்துட்டு மாத்தலாமா? கணக்கு என்ன சொல்லுது?

ஓட்டப்பிடாரத்திலிருந்து குறுக்குச்சாலைக்கு வந்து நான்கு வழிச்சாலையில் ஏறினால், டர்போ செடான் வைத்திருப்பவர்களுக்குக் கால் சும்மா இருக்காது. அப்படி ஒரு காரை மூணு, நாலு வருஷம் ஓட்டியவர்களுக்குத் திடீரென ஒரு ஆசை வரும். "அதே கார்ல புது மாடல் வந்திருக்காமே... எக்ஸ்சேஞ்ச்ல போட்டு மாத்திடலாமா?"

ஷோரூமில் சொல்லும் வித்தியாசத் தொகை சின்னதாகத்தான் தெரியும். ஆனால் உண்மையில் கையை விட்டுப் போவது எவ்வளவு? அதற்குப் பதிலாகக் கிடைப்பது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

'புது மாடல்' என்றால் என்ன?

எல்லா புது மாடலும் ஒன்றல்ல. மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கார் அதேதான், அலங்காரம் மட்டும் மாறியிருக்கும். ஃபோக்ஸ்வாகன் விர்ச்சுஸ் 2022 ஜூனில் அறிமுகமானபோது, ஜிடி பிளஸ் மாடலில் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் வந்தது. சக்தி 150 பிஎஸ், டார்க் 250 என்எம். 2024 அக்டோபரில் 'ஜிடி பிளஸ் ஸ்போர்ட்' வந்தது. கருப்பு அலங்காரம், சிவப்பு பிரேக் காலிப்பர் என ஆளே மாறிய மாதிரி இருந்தது. ஆனால் பானெட்டைத் திறந்தால் அதே 150 பிஎஸ்தான்.

இரண்டாவது வகை, தலைமுறையே மாறுவது. ஹூண்டாய் வெர்னாவின் பழைய மாடலில் இருந்தது 120 பிஎஸ் தரும் 1.0 லிட்டர் டர்போ. 2023 மார்ச்சில் வந்த புதிய தலைமுறையில் 1.5 லிட்டர் டர்போ, 160 பிஎஸ். காரின் நீளம் கூடியது, டிரைவரை எச்சரித்து உதவும் 'அடாஸ்' வசதி வந்தது. அதே ஆண்டு குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 ஸ்டாரும் வாங்கியது. பெயர் ஒன்றுதான், கார் வேறு.

மூன்றாவது வகை, குறைந்த எண்ணிக்கையில் வரும் கார்கள். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இதற்கு நல்ல உதாரணம். 2017-ல் 230 பிஎஸ் மாடலின் விலை சுமார் 24.62 லட்சம் ரூபாய். 2020-ல் 245 பிஎஸ், 35.99 லட்சம், 200 கார்கள் மட்டும். 2025 அக்டோபரில் 265 பிஎஸ், 49.99 லட்சம், 100 கார்கள் மட்டும்.

பூஜ்யத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட 2017 மாடலுக்கு 6.8 விநாடி, 2025 மாடலுக்கு 6.4 விநாடி என்கிறது நிறுவனம். எட்டு வருஷத்தில் விலை இரண்டு மடங்கு, வேகத்தில் வித்தியாசம் அரை விநாடிகூட இல்லை. நான்கு வழிச்சாலையில் கார்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வரம்பே 100 கி.மீ. தான் என்பதையும் சேர்த்து யோசிக்கணும்.

ஆக, ஷோரூமுக்குப் போகும் முன் முதல் கேள்வி இதுதான்: நீங்கள் வாங்கப் போவது இந்த மூன்றில் எந்த வகை?

பலரும் மறக்கும் செலவு: வாழ்நாள் வரி

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி உயர்ந்தது. அதற்கு முன் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 15 சதவீதம். இப்போதைய நிலவரம்:

* 5 லட்சம் வரை: 12 சதவீதம்
* 5 முதல் 10 லட்சம் வரை: 13 சதவீதம்
* 10 முதல் 20 லட்சம் வரை: 18 சதவீதம்
* 20 லட்சத்துக்கு மேல்: 20 சதவீதம்

இது 'வாழ்நாள்' வரி என்றாலும், அது காரின் வாழ்நாள், நம்முடையது அல்ல! 2022-ல் நீங்கள் கட்டிய வரி அந்தக் காரோடு அடுத்தவருக்குப் போய்விடும். புது காருக்கு முதலிலிருந்து கட்டணும்.

ஒரு உதாரணக் கணக்கு: புது காரின் விலை 19 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத வரி 3.42 லட்சம். மொத்தம் 22.42 லட்சம். பழைய கார் 11 லட்சத்துக்குப் போனால், கையிலிருந்து போவது 11.42 லட்சம். இன்சூரன்ஸ் தனி. வாங்கியது முதல் வகை கார் என்றால், இத்தனையும் கொடுத்துக் கிடைப்பது அதே இன்ஜின்தான்.

ஜிஎஸ்டி குறைந்ததே, லாபம் இல்லையா?

2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கான செஸ் நீக்கப்பட்டது. 4 மீட்டரைத் தாண்டிய, 1.5 லிட்டர் வரையிலான இன்ஜின் கொண்ட செடான்களுக்கு மொத்த வரி 45 சதவீதமாக இருந்தது, 40 ஆனது. வரிக் குறைப்பை அப்படியே கொடுத்தால் விலை சுமார் மூன்றரை சதவீதம் குறையும்.

ஆனால் புது காரின் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் சேர்ந்து இறங்கும். முதல் கார் வாங்குபவருக்கு இது முழு லாபம். மாத்துபவருக்கு ஒரு கையில் வந்தது மறு கையில் கொஞ்சம் போகும்.

எந்த வருஷத் தயாரிப்பு?

டிசம்பர், ஜனவரியில் பெரிய தள்ளுபடி கொடுத்தால் கவனிக்கவும். டிசம்பரில் தயாரான காரை ஜனவரியில் பதிவு செய்தாலும், ஆர்சி-யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் தனியாக இருக்கும். நாளைக்கு விற்கும்போது வாங்குபவர் அதைத்தான் பார்ப்பார். தள்ளுபடி அந்த நஷ்டத்தை ஈடுகட்டுதா என்று பாருங்கள்.

இன்னொரு உள்ளூர் விஷயம். கார் தினமும் துறைமுகம், உப்பளம் பக்கம் போய் வந்தால் உப்புக் காற்று அடிப்பாகத்தைப் பிடித்திருக்கலாம். விலை பேசும் முன் லிப்ட்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். நமக்கே தெரியாத துருவை அவர்கள் காட்டினால் பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

விட்டுவிடக் கூடாத போனஸ்

கிளைம் எதுவும் எடுக்காமல் ஓட்டியிருந்தால் கிடைக்கும் 'நோ கிளைம் போனஸ்' 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை போகும். இது காருக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தம். பழைய காரை விற்கும்போது இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கடிதம் வாங்கி, புது காரின் பாலிசியில் சேர்க்கலாம். சொந்தச் சேதப் பிரீமியத்தில் மட்டுமே இந்தக் கழிவு கிடைக்கும்.

ரொம்ப முக்கியம்: ஆர்சி பெயர் மாற்றம்

சாவியைக் கொடுத்துப் பணத்தை வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. ஆர்சி-யில் உங்கள் பெயர் இருக்கும்வரை, அந்தக் கார் விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுப் பொறுப்பு உங்கள் மீது வரலாம். காரை விற்றிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்கணும். படிவம் 29, 30 இரண்டும் தேவை. கடனில் வாங்கிய கார் என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற பழைய கார் டீலரிடம் ஒப்படைத்தால் படிவம் 29சி மூலம் தகவல் பதிவானதா என்று கேளுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

அப்போ எப்போ மாத்தலாம்?

* தலைமுறை மாறி, பாதுகாப்பில் பெரிய முன்னேற்றம் இருந்தால் மாத்துவதில் அர்த்தம் உண்டு.
* பெட்ரோல் மூடியிலும் கையேட்டிலும் இ20 பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார் என்றால் இதை நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.
* வாரண்டி முடியப் போகிறதா? ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செலவு பயமுறுத்தினால், காரை மாத்தும் முன் வாரண்டி நீட்டிப்புக்கு எவ்வளவு என்று கேளுங்கள். முடிவதற்கு முன்பே வாங்குவது நல்லது.
* மாறியது நிறமும் ஸ்டிக்கரும்தான் என்றால், நல்ல டயர், புது பிரேக் பேட், சஸ்பென்ஷன் வேலை. இதற்கு ஆகும் செலவு அந்த 3.42 லட்சம் வரியைவிடக் குறைவாகவே முடியும். காரும் முதல் நாள் ஓட்டின மாதிரி இருக்கும்.

ஷோரூமில் உட்கார்ந்ததும் "மாசம் எவ்வளவு இஎம்ஐ?" என்று கேட்பதற்கு முன், "என் காரில் இல்லாதது இதில் என்ன இருக்கு?" என்று கேளுங்கள். பதிலில் இன்ஜினோ பாதுகாப்போ வரவில்லை என்றால், டெஸ்ட் டிரைவ் மட்டும் ஓட்டிவிட்டு நம்ம காரிலேயே ஊர் திரும்பலாம்.