செவிவழி ஆங்கிலம்

நுழையும்முன்

முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தைப் படித்தும் எழுதியும் வருகிறோம். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆயினும் எதிரே ஒருவர் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால் திகைத்து நிற்கிறோம். படித்தால் விளங்கும் தொடர் கேட்டால் விளங்காமற் போவது ஏன்? நாம் கற்ற தமிழ் இலக்கணமே இதற்கு விடை காணத் துணை செய்யும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஓர் எண், இரு பொருள்

சிவகாசியில் நாட்காட்டி அச்சிடும் அச்சகம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர் ஒருவர் அங்கே புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கிறார். வடமாநில வணிகர் ஒருவர் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசுகிறார். இளைஞர் இடையிடையே ‘எஸ் சார்’ என்கிறார். பேச்சு முடிந்ததும் ‘ஃபிஃப்டி தௌசண்ட்’ என்று குறித்துக்கொள்கிறார். வணிகர் சொன்னதோ ‘ஃபிஃப்டீன் தௌசண்ட்’. பதினைந்தாயிரம் வேண்டிய இடத்தில் ஐம்பதாயிரம் நாட்காட்டிகள் அச்சாகிவிட்டால் எஞ்சியவற்றை யார் வாங்குவர்? அவற்றில் அவ்வணிகரின் கடைப்பெயர் அச்சிடப்பட்டிருக்கும். ஆண்டு பிறந்தபின் அவை வெறுந்தாளே.

அவ்விளைஞருக்கு இவ்விரு சொற்களும் தெரியாதவை அல்ல. எழுதிக் காட்டினால் நொடியில் வேறுபடுத்திச் சொல்வார். அவர் கண் கற்றிருந்ததை அவர் செவி கற்கவில்லை.

1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் இவ்வட்டாரத்தில் வளர்ந்தன. இன்று இங்கு உருவாகும் பொருள்கள் இந்தியாவின் எல்லா மாநிலங்களுக்கும் செல்கின்றன. பொருள் செல்லும் இடத்து மக்களோடு பேச வேண்டிய தேவையும் உடன் எழுகிறது. கல்லூரிக்குச் செல்வோரின் நிலையும் இத்தகையதே. நூலில் விளங்காத பகுதியை மீண்டும் படிக்கலாம். பேராசிரியரின் உரையோ வகுப்பறையில் ஒருமுறை ஒலித்து மறைந்துவிடுகிறது. தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவர் பலர், அறிவுக் குறைவால் அன்றிச் செவிப்பழக்கக் குறைவாலேயே முதற்பருவத்தில் தளர்ந்து போகின்றனர்.

ஆங்கிலத்திலும் புணர்ச்சி

எழுதப்பட்ட ஆங்கிலத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி உண்டு. பேசப்படும் ஆங்கிலத்தில் அவ்விடைவெளி இல்லை. ஒரு சொல்லின் ஈறும் அடுத்த சொல்லின் முதலும் ஒன்றோடொன்று கலக்கின்றன. இது நமக்குப் புதிதன்று. இதனையே நாம் புணர்ச்சி என்று கற்றுள்ளோம்.

பால் + ஆடை என்பது பாலாடை என்றாகும். நிலைமொழி இறுதியில் நிற்கும் மெய், வருமொழி முதலில் நிற்கும் உயிரோடு கூடுகிறது. அவ்வாறே ‘சென்ட்’ + ‘இட்’ என்பது பேச்சில் ‘சென்டிட்’ என ஒலிக்கும். மணி + அடித்தது என்பதில் யகரமும், பூ + அழகு என்பதில் வகரமும் உடம்படுமெய்யாகத் தோன்றுகின்றன. ஆங்கிலத்திலும் ‘ஸீ’ + ‘இட்’ என்பது ‘ஸீயிட்’ எனவும், ‘கோ’ + ‘அவுட்’ என்பது ‘கோவவுட்’ எனவும் ஒலிப்பதைக் கூர்ந்து கேட்டால் உணரலாம்.

பொன் + குடம் பொற்குடம் ஆவது திரிதல். ‘டென்’ + ‘பாக்ஸஸ்’ என்பது விரைந்த பேச்சில் ‘டெம்பாக்ஸஸ்’ எனத் திரிகிறது. மரம் + வேர் மரவேர் ஆவது கெடுதல். ‘நெக்ஸ்ட்’ + ‘வீக்’ என்பதில் டகர ஒலி கெட்டு ‘நெக்ஸ்வீக்’ என்றே பெரும்பாலும் ஒலிக்கிறது.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தமிழில் புணர்ந்த வடிவத்தை எழுத்திலும் காட்டுகிறோம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் எழுத்து பிரிந்தே நிற்க, ஒலி மட்டும் புணர்கிறது. ஆகவே, எழுத்தை மட்டும் அறிந்தவர் ‘டெம்பாக்ஸஸ்’ என்பதைக் கேட்டவுடன் தாம் அறியாத புதுச்சொல் வந்துவிட்டதென்று அஞ்சுகிறார். வாழைப்பழம் என்பதைப் பிரித்தறியும் நமக்கு இதனைப் பிரித்தறிவதும் இயலும்.

மாத்திரையும் அழுத்தமும்

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை எனக் கற்றுள்ளோம். ஒரு மாத்திரை பெற வேண்டிய உகரம் அரை மாத்திரையாகக் குறுகி ஒலிப்பதைக் குற்றியலுகரம் என்கிறோம். இத்தகைய குறுக்கம் ஆங்கிலப் பேச்சில் மிகுதி. பொருளைத் தாங்கும் சொல் அழுத்தம் பெற்று நீள்கிறது. சொற்களை இணைக்கும் ‘ஆஃப்’, ‘அண்ட்’, ‘டு’ போன்றவை குறுகித் தேய்கின்றன. ‘பிரெட் அண்ட் பட்டர்’ என்பது ‘பிரெடன் பட்டர்’ என்று கேட்கிறது.

இக்குறுக்கம் சில இடங்களில் பொருளையே முடிவு செய்யும். ‘வீ கேன் சென்ட்’ என்பது ‘எங்களால் அனுப்ப இயலும்’ என்று பொருள்படும். அதில் ‘கேன்’ குறுகி, ‘வீக்கன் சென்ட்’ என்பதுபோல ஒலிக்கலாம். ‘இயலாது’ என்னும் பொருளுடைய ‘கான்ட்’ என்பதோ அழுத்தம் பெற்று ஒலிக்கும். இறுதி டகரம் காதில் விழாவிட்டாலும் அழுத்தத்தைக் கொண்டு பொருளை அறியலாம். ‘ஃபிஃப்டீன்’ என்பதில் வரும் நெடிலும் னகர மெய்யும் ‘ஃபிஃப்டி’ என்பதில் இல்லை. அச்சக இளைஞர் அவ்விரண்டையும் செவியில் வாங்கியிருந்தால் பிழை நேர்ந்திராது.

மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. கல், தங்கம், மகன் ஆகிய சொற்களில் ககரம் வெவ்வேறாக ஒலித்தாலும் நாம் ஒரே எழுத்தாகவே கொள்கிறோம். இடத்தால் மாறும் அவ்வொலி பொருளை மாற்றுவதில்லை. ஆங்கிலத்தில் அது பொருளை மாற்றிவிடும். ‘பை’ என்னும் பொருளுடைய சொல்லையும் ‘முதுகு’ என்னும் பொருளுடைய சொல்லையும் தமிழில் ‘பேக்’ என்றே எழுதுகிறோம். முன்னது ஒலிப்புடை ஒலியில் முடிவது. பின்னது ஒலிப்பிலா ஒலியில் முடிவது. முன்னதில் உயிரொலி சற்றே நீளும். அந்நீட்சியே செவிக்குக் கிடைக்கும் அடையாளம்.

செய்தியைக் கேட்டல்

செவிப் பயிற்சிக்குச் செய்தியறிக்கை மிகவும் ஏற்றது. செய்தி வாசிப்போர் சொற்களைத் தெளிவாகவும் சீராகவும் ஒலிப்பர். டெல்லி வானொலியில் பல்லாண்டுகள் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் திருத்தமான ஒலிப்பை மூத்த தலைமுறையினர் இன்றும் நினைவுகூர்வர். அத்தகைய தெளிவை ஆங்கிலச் செய்தியறிக்கைகளிலும் காணலாம். கற்போரின் தேவையை உணர்ந்து ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலி 1959ஆம் ஆண்டு ஏறத்தாழ 1500 சொற்களைக் கொண்டே, வேகத்தைக் குறைத்து வாசிக்கும் தனி ஒலிபரப்பைத் தொடங்கியது. எளிய சொல்லும் மிதமான வேகமும் தொடக்க நிலையினருக்குத் துணை என்பதே அதன் அடிப்படை.

முதலில் அன்றைய செய்தியைத் தமிழில் கேட்டல் வேண்டும். பின்னர் ஆங்கிலச் செய்தியைக் கேட்டால், பொருள் முன்பே தெரிந்திருப்பதால் செவி ஒலியில் கருத்தைச் செலுத்தும். பதிவு செய்யப்பட்ட செய்தியாயின் அதன் ஒரு சிறு பகுதியை மும்முறை கேட்கலாம். முதன்முறை, எதைப் பற்றிய செய்தி என்பதை மட்டும் அறிய வேண்டும். இரண்டாம் முறை பெயர்களையும் எண்களையும் குறிக்க வேண்டும். மூன்றாம் முறை கேட்டதை எழுதி, எழுத்து வடிவத்தோடு ஒப்பிட வேண்டும். தவறிய சொற்களை இரண்டு பட்டியல்களாகப் பிரிப்பது இன்றியமையாதது. ஒன்று, பொருளே தெரியாத சொற்கள். மற்றொன்று, தெரிந்திருந்தும் செவி பிடிக்காத சொற்கள். முதற்பட்டியலுக்கு அகராதி போதும். இரண்டாம் பட்டியலுக்கு மீண்டும் மீண்டும் கேட்பதே மருந்து.

அன்றாட வாழ்வில் ஆங்கிலம்

‘எங்கள் ஊரில் ஆங்கிலம் பேசுவார் யார்?’ என்று வினவலாம். விருதுநகர் சந்திப்பில் நின்றால் தொடர்வண்டியின் எண், செல்லும் ஊர், நடைமேடை ஆகியவை தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்கப்படுவதைக் கேட்கலாம். ஒரே செய்தி இருமொழியில் வருவதால் கேட்டதைச் சரிபார்க்க அங்கேயே வாய்ப்புண்டு. கிரிக்கெட் வருணனையில் காட்சி கண்முன் இருப்பதால் சொல்லின் பொருள் தானே விளங்கும். நண்பர் இருவர் நாளும் பத்து மணித்துளிகள் விலை, நாள், அளவு ஆகியவற்றை ஆங்கிலத்தில் சொல்லியும் கேட்டு எழுதியும் பழகலாம்.

வங்காளியரின் ஆங்கிலத்தில் வங்கமொழியின் சாயலும், மலையாளியின் ஆங்கிலத்தில் மலையாளச் சாயலும் இருக்கும். நம் ஆங்கிலத்தில் தமிழ்ச் சாயல் இருப்பதும் இழுக்கன்று. ஒருவரின் ஒலிப்பை மட்டும் கேட்டுப் பழகாமல் பலரின் ஒலிப்பையும் கேட்டுப் பழகுவதே பயன் தரும்.

கேட்டுத் தெளிதல்

விருதுநகரில் பிறந்த காமராசர் இளமையிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்த நேர்ந்தது. பின்னாளில் சிறைவாழ்விலும் பொதுவாழ்விலும் தம் முயற்சியால் ஆங்கிலத்தைப் படித்தறியும் ஆற்றலை வளர்த்துக்கொண்டார். 1964ஆம் ஆண்டு அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். அவ்வாண்டு மே 27 அன்று நேரு மறைந்தபோது, அடுத்த பிரதமர் யார் என்னும் வினா எழுந்தது. பல மாநிலத் தலைவர்களின் கருத்துகளையும் கேட்டறிந்து, லால் பகதூர் சாஸ்திரியை ஒருமனதாகத் தெரிவு செய்ய வழிவகுத்தார். பலமொழி பேசுவோர் நடுவே குறைவாகப் பேசி நிறையக் கேட்டவர் அவர்.

திருக்குறளில் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். தமிழில் ‘கேள்வி’ என்னும் ஒரே சொல் செவியால் கேட்டலையும் வினாவையும் குறிக்கும். விளங்காதபோது ‘எஸ்’ என்று தலையசைப்பது கேள்வியாகாது. ‘ஒன்று, ஐந்து, பதினைந்தாயிரம்தானே?’ என்று ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்பதே கேள்வி. மீண்டும் சொல்லுமாறு வேண்டுவதில் நாணம் தேவையில்லை. அந்த ஒரு வினா, அச்சேறவிருந்த முப்பத்தைந்தாயிரம் நாட்காட்டிகளைத் தடுத்திருக்கும்.

கற்பவை கற்றபின்

1. ஆங்கிலச் செய்தி ஒன்றைக் கேட்டு, அதில் சொற்கள் புணர்ந்தொலிக்கும் ஐந்து இடங்களைக் குறித்து, அவை தோன்றல், திரிதல், கெடுதல் ஆகியவற்றுள் எவ்வகையின என எழுதுக.

2. உம் ஊரில் ஆங்கிலம் ஒலிக்கும் இடங்களைப் பட்டியலிட்டு, அங்குக் கேட்ட அறிவிப்பு ஒன்றைத் தமிழில் தருக.