கிராமக் கணக்கை விவசாயியே பார்க்கலாம்

கிராமக் கணக்கு என்றால் கர்ணம் வீட்டு மரப்பெட்டி என்று இருந்த காலம் ஒன்று உண்டு. சிட்டா நகல் வேண்டுமென்றால் அவர் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடக்க வேண்டும். 1980-ல் தமிழக அரசு பழைய கிராம அதிகாரிகள் பதவிகளை ஒழித்து, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தது. பெட்டி கைமாறியது, ஆனால் பூட்டு அப்படியே இருந்தது. இன்று அந்தப் பெட்டியில் இருந்தவற்றில் பெரும்பகுதியை, கையில் செல்போன் உள்ள எவரும் கட்டணமின்றிப் பார்க்க முடிகிறது. ஆனாலும் தன் நிலத்தின் கணக்கை ஒருமுறைகூடப் பார்த்திராத சிறு விவசாயிகள் ஏராளமாக இருக்கிறார்கள்.

அரசின் கணக்கு குடிமக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்பது புதுக் கருத்தல்ல. ஆண்டுதோறும் பசலி முடியும் தறுவாயில் நடக்கும் ஜமாபந்தி அதற்காகவே ஏற்பட்டது. கிராமக் கணக்குகளைத் தாலுகா அலுவலகத்தில் விரித்து வைத்துத் தணிக்கை செய்வதும், குடிகளின் மனுக்களை வாங்குவதும் அதன் நடைமுறை. தகவல் பெறும் உரிமைக்கென 1997-லேயே தமிழகத்தில் ஒரு சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005-ல் வந்தது. அதன் 4-ஆவது பிரிவு, மனு வரும்வரை காத்திராமல் அலுவலகங்கள் தாமாகவே விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது. 2012-ல் மத்திய அரசு இதற்கென ஒரு கொள்கையை அறிவித்து, எல்லாத் துறைகளின் புள்ளிவிவரங்களையும் ஒரே இணையதளத்தில் சேர்க்கத் தொடங்கியது. அங்கே கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஆங்கில அட்டவணைகள். அதிலும் மாவட்ட சராசரிகளே அதிகம். மாவட்டத்தின் சராசரி மழையை வைத்து ஒருவர் தன் காட்டில் கடலை விதைக்க முடியாது. சிறு விவசாயிக்கு உடனே பயன்படுவது நிலக் கணக்குதான்.

தமிழக வருவாய்த் துறையின் மின்சேவைத் தளத்தில் மாவட்டம், தாலுகா, கிராமம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பட்டா எண்ணையோ சர்வே எண்ணையோ கொடுத்தால் சிட்டா கிடைக்கும். எந்தப் பட்டாவில் யார் பெயரில் எவ்வளவு நிலம், நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்பது அதில் இருக்கும். 'அ' பதிவேட்டில் இதே விவரங்கள் சர்வே எண் வாரியாக இருக்கும். புலப்படத்தையும் எடுக்கலாம், வரப்புத் தகராறுகளில் முதலில் பார்க்க வேண்டியது அதுவே. நிலம் வாங்குவோர், குறிப்பிட்ட சர்வே எண் அரசுப் புறம்போக்கா என்பதையும் இதே தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அட்வான்ஸ் கொடுத்த பிறகு பார்ப்பதில் பயனில்லை.

சிட்டாவைப் பார்ப்பவர்கள் முதலில் தடுமாறுவது பரப்பளவில்தான். அதில் ஏக்கர், சென்ட் இருக்காது. ஹெக்டேர், ஏர் என்றே இருக்கும். ஒரு ஹெக்டேர் 2 ஏக்கர் 47 சென்ட். ஒரு ஏர் ஏறக்குறைய இரண்டரை சென்ட், சரியாகச் சொன்னால் 2.47. சிட்டாவில் 0-40.50 என்றிருந்தால் அது ஒரு ஏக்கர். பத்திரத்தில் ஒரு ஏக்கர் என்று எழுதியிருக்க, சிட்டாவில் 0-38.00 என்றிருந்தால் ஆறு சென்ட் குறைகிறது என்று பொருள்.

இப்படிக் குறைவதற்கும் பெயர் மாறிக் கிடப்பதற்கும் பல இடங்களில் காரணம் பழையது. 1979 முதல் 1987 வரை தமிழகத்தில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்தது. கிராமங்களில் 'யு.டி.ஆர்.' என்று சொன்னால்தான் தெரியும். அப்போது எழுதியதில் பல பிழைகள் நேர்ந்தன. அண்ணன் நிலம் தம்பி பெயரில் ஏறியது; சர்வே எண்கள் இடம் மாறின. பின்னர் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது பிழைகளும் சேர்ந்தே ஏறின. காகிதத்தில் இருந்தவரை சந்தேகப்பட்டவர்கள்கூட, அச்சிட்டு வந்ததும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். பாட்டனார் பெயரிலேயே நிற்கும் பட்டாக்களும், ஆறேழு பேர் பெயர் இருந்தும் யாருக்கு எவ்வளவு என்று பிரியாத கூட்டுப் பட்டாக்களும் இன்னொரு தொல்லை. பயிர்க்கடனுக்கும் அரசு உதவித் திட்டங்களுக்கும் தன் பெயரில் பட்டா கேட்கும்போதுதான் உழுபவருக்கு இது உறைக்கிறது.

கணக்கைத் திறந்து வைத்தால் எல்லோருக்கும் ஒரே அளவில் நன்மை கிடைத்துவிடாது என்பதற்குக் கர்நாடகம் உதாரணம். அங்கே 'பூமி' என்ற திட்டத்தில், சுமார் 9,000 கிராமக் கணக்கர்கள் கைவசம் இருந்த இரண்டு கோடி நிலப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். தாலுகா அலுவலகத்தில் 15 ரூபாய் கட்டினால் நகல் கிடைத்தது. ஊழியர் தட்டுவதை விவசாயியும் பார்க்க வேண்டுமென்று அவர் பக்கமாக இன்னொரு திரையும் வைத்தார்கள். பல நாடுகள் இதைப் பாராட்டின. ஆனால் பெங்களூரைச் சுற்றி ஆய்வு செய்தவர்கள் 2007-ல் வெளியிட்ட அறிக்கை வேறு செய்தி சொன்னது. லஞ்சம் குறையவில்லை, வேலை முடியும் காலமும் குறையவில்லை, பெரும் நிலங்களை வளைக்க நினைத்தவர்களுக்கே இந்தக் கணக்கு அதிகம் உதவியது என்றது அது. இதில் வியப்பில்லை. எந்தக் கூட்டுப் பட்டாவில் எத்தனை பங்காளிகள் என்பதை விவசாயிக்கு முன்பாகவே தரகர் பார்த்துவிட முடியும் அல்லவா?

சந்தை விலையிலும் இதே கதைதான். நாட்டின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் வரத்தும் விலையும் 'அக்மார்க்நெட்' தளத்தில் வருகின்றன. 2018-ல் வந்த 'உழவன்' செயலியிலும் விலை பார்க்கலாம். குறைந்த விலை, அதிக விலை, பெருவாரியான சரக்கு விற்ற விலை என மூன்று விலைகள் குவிண்டாலுக்குக் கொடுத்திருப்பார்கள். மூன்றாவதையே கணக்கில் கொள்ள வேண்டும். அதிக விலையைப் பார்த்து வண்டி கட்டினால் வாடகைகூடத் தேறாது. எல்லாக் கூடங்களும் அன்றன்று விலையை ஏற்றுவதில்லை என்பதால், தேதியையும் கவனிப்பது அவசியம்.

பயனாளிகள் பட்டியல் வெளிவருவதன் அருமை 2020-ல் தெரிந்தது. பி.எம். கிசான் உதவித் தொகைத் திட்டத்தில் தகுதியில்லாதவர்கள் லட்சக்கணக்கில் சேர்ந்திருந்தது தமிழகத்தில் அப்போது கண்டுபிடிக்கப்பட்டது. கிராம வாரியாகப் பெயர் தெரிந்தால்தான் ஊரில் இல்லாத பெயரை ஊரார் அடையாளம் காட்ட முடியும். ஆனால் 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, தனிப்பட்ட விவரம் என்று சொல்லி மறுக்க அதிக இடம் கொடுத்துவிட்டது. கைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லைதான். அரசுப் பணம் யாருக்குப் போயிற்று என்பது அப்படி மறைக்க வேண்டிய விவரமா என்ற வாதம் நடந்துகொண்டிருக்கிறது.

விவசாயிகள் முதலில் தங்கள் சிட்டாவையும் புலப்படத்தையும் அச்செடுத்து, பத்திரத்துடன் எண்ணுக்கு எண் ஒப்பிட வேண்டும். பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கத்தையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பட்டா மட்டுமே உரிமைக்கு முழுச் சான்றாகாது. பிழை இருந்தால் தாசில்தாரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். பட்டா மாறுதலில் அவர் உத்தரவு பாதகமாக இருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலர் இருக்கிறார். மனுவுக்குப் பதிலே இல்லையென்றால், அது எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் செலுத்திக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஜமாபந்தி பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் நடக்கிறது. உங்கள் பிர்க்காவுக்குரிய நாளைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொண்டு, அன்று மனுவுடன் பத்திர நகலையும் பழைய தீர்வை ரசீதுகளையும் கொண்டு போவது நல்லது.