பொதுக் கம்பமும் தனி விளம்பரமும்

சென்னைத் தெருவோரத்து மின்கம்பம் ஒன்றைச் சற்றே நின்று கவனிப்போமானால், மூல வியாதிக்குச் சிகிச்சை அளிக்கும் வைத்தியரின் தகரத் தட்டியும், டியூஷன் வகுப்பின் அறிவிப்பும், 'அறை வாடகைக்கு' என்னும் துண்டுச் சீட்டும், கட்டுக்கம்பியின் துணையாலும் மயில்துத்தம் கலந்த மைதாப் பசையின் பலத்தாலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, பழுதைத் தெரிவிப்பதற்கு வேண்டிய கம்பத்தின் எண்ணையே மறைத்து நிற்கக் காண்போம். பொது இடங்களை அனுமதியற்ற விளம்பரங்கள் அலங்கோலப்படுத்தாமல் தடுப்பதற்கென்று 1959-லேயே இங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. உரியவரின் எழுத்து மூலமான சம்மதமின்றி விளம்பரம் ஒட்டுவது அதன்படி தண்டனைக்குரிய குற்றம்.

அழகு கெடுகிறது என்பது மட்டுமே இதற்குக் காரணமன்று. இரவில் மழைக்கிடையே மின்தடையைச் சரிசெய்யக் கம்பமேறும் லைன்மேனின் கையையும் காலையும் கிழிப்பவை, யாரோ முறுக்கிவிட்டுப் போன இந்தக் கட்டுக்கம்பிகளின் முனைகளே. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலையின் நடுத்திட்டில் வைத்திருந்த பேனர் சரிந்து விழ, ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் நிலைகுலைந்து வீழ்ந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரிக்குப் பலியான கொடுமையை இந்நகரம் மறந்துவிடலாகாது.

ஆயினும், கையில் காசில்லாதவன் தன் சேதியை ஊருக்குச் சொல்ல வேறு வழி ஏது என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1979-ல் நகரசபைத் தேர்தலுக்கு நின்ற வின்சென்ட் என்பவரின் அட்டைகளைக் கம்பங்களிலிருந்து நகர ஊழியர்கள் அகற்றியபோது, அவருடைய ஆதரவாளர்கள் பேச்சுரிமையின் பெயரால் வழக்குத் தொடுத்தனர். ஒரே வாரத்தில் அகற்றப்பட்ட 1,207 அட்டைகளில் அவருடையவை 48 மட்டுமே. எவர் என்ன சொன்னார் என்று பாராமல் எல்லா அட்டைகளையும் ஒன்றுபோல் விலக்கும் விதி செல்லும் என்று 1984-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் அறுவர் தீர்ப்பளிக்க, மூவர் மாறுபட்டனர். எளியோரின் மலிவான சாதனம் பறிபோகிறதே என்பது அம்மூவரின் கவலை.

என் அபிப்பிராயத்தில் அறுவர் சொன்னதே நியாயம். ஆனால் அந்த நியாயம் பட்சபாதமின்மை ஒன்றையே பற்றி நிற்கிறது. தலைவர்களின் பிறந்தநாள் வாழ்த்துத் தட்டிகள் தங்கும்வரை தங்கியிருக்க, வாடகை அறைச் சீட்டு மட்டும் சுரண்டி எடுக்கப்படுமாயின், அது விதியாகாது. மூவரின் கவலைக்கும் மாற்று உண்டு: வார்டுதோறும் ரேஷன் கடை வாசலிலோ பஸ் நிறுத்தத்தின் அருகிலோ மாநகராட்சி ஓர் அறிவிப்புப் பலகை நாட்டி, யாரும் கட்டணமின்றித் தம் சீட்டை ஒட்டவும், குறித்த நாளில் அது அகற்றப்படவும் ஏற்பாடு செய்யலாம்.